மண்ணின் தீட்டை அளப்பது யார்?

(நாகர்கோவிலில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



தலைப்பைக் கேட்டதும் ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: "மூடிப்போன ஆலையோட மண்ணைச் சோதிக்க அரசாங்கம் பணம் ஒதுக்குறதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது சுற்றுச்சூழல்காரங்க பாடு. நம்ம தலைக்கு மேல வன்கொடுமை வழக்கு மலைமாதிரி கிடக்கு." நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லாம உள்ளே போக முடியாது.

இந்த நாட்டில் மாசை அளக்கிற தொழில் நேற்று வந்தது இல்லை. நம்ம நாஞ்சில் நாடு 1956 வரைக்கும் மலையாள ராஜ்யத்தோடு கிடந்தது. திருவிதாங்கூரில் தீண்டாப்பாடு என்று ஒரு கணக்கு இருந்தது. இன்ன சாதிக்காரன் இன்ன சாதிக்காரனுக்கு இத்தனை அடி தள்ளி நிற்கணும் என்பது அந்தக் கணக்கு. கருவி வேண்டாம், சோதனைச்சாலை வேண்டாம், ஒரு காசு செலவு இல்லை. கண்ணால் பார்த்தே எவன் உடம்பில் எவ்வளவு தீட்டு என்று அளந்துவிட்டார்கள். புலையரும் பறையரும் சாம்பவரும் அந்த அளவுகோலின் கீழ்முனையில் நிறுத்தப்பட்டார்கள். கோயில் வாசல் திறக்க 1936 நவம்பர் 12 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். 1927 மார்ச் 20-ல் அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரத்தின் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கைத் தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஆயிரக்கணக்கான தீண்டப்படாத மக்கள் குடித்தார்கள். உடனே சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? 108 பானைகளில் பாலும் தயிரும் சாணமும் மூத்திரமும் கலந்து குளத்தில் ஊற்றி, மந்திரம் சொல்லி, குளம் சுத்தமாகிவிட்டது என்று அறிவித்தார்கள். இன்றைய அரசு மொழியில் சொன்னால் அது ஒரு 'மாசு நீக்கத் திட்டம்'. இல்லாத மாசுக்கு அத்தனை வேகத்தில் பரிகாரம் செய்த சமூகம், கண் முன்னால் இருக்கிற மாசை அளக்க எத்தனை வருஷம் எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். அதுதான் இன்றைக்கு என்னுடைய பேச்சு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 2025 ஜூலை மாதம் மத்திய அரசு மாசுபட்ட இடங்களை நிர்வகிப்பதற்கென்று தனி விதிகளை அரசிதழில் வெளியிட்டது. 1986-ன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் அவை. ஆலை நடந்த இடம், கழிவு கொட்டின இடம், ரசாயனம் சிந்தின இடம் எல்லாம் அதில் வரும். உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ தங்கள் பகுதியில் சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியல் போட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரணும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளுக்குள் முதல்கட்ட ஆய்வு செய்யணும். மாசு இருப்பதாகத் தெரிந்தால் இன்னும் மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. பிறகு யார் பொறுப்பு என்று கண்டுபிடித்து, அவனிடம் சுத்தப்படுத்தும் செலவை வாங்கணும். ஆள் அகப்படவில்லை, அல்லது அவனுக்குக் கொடுக்க வக்கில்லை என்றால் மத்திய, மாநில அரசுகள் செலவை ஏற்கும்.

நல்ல விதிதான். ஆனால் விதி வந்த நேரத்தில் இந்தியா முழுக்க அடையாளம் கண்ட இடங்கள் 103. அதில் சுத்தப்படுத்தும் வேலை தொடங்கியவை வெறும் 7. இவ்வளவு பெரிய நாட்டில், இத்தனை சிட்கோ, சிப்காட், கைவிட்ட ஆலைகள் இருக்கிற நாட்டில், 103 என்பது மாசின் கணக்கா, அளந்ததின் கணக்கா? அளக்கிற கணக்குத்தான். அளக்காத இடத்தில் மாசு இல்லை, ஏட்டுப்படி. ஆய்வுக்குக் கெடு வைத்தவர்கள், ஒரு இடம் மாசுபட்டது என்று அறிவித்த பிறகு அது எந்தத் தேதிக்குள் மனுஷர் வாழத் தக்கதாகணும் என்பதற்குக் கெடு வைக்கவில்லை.

அளப்பது என்றால் என்ன? மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ளணும். ஏனென்றால் அரசியலே இங்கேதான் ஒளிந்திருக்கு. முதலில் காகிதத்தைப் பார்ப்பார்கள். ஆலை எப்ப நடந்தது, என்ன மூலப்பொருள், கழிவை எங்கே போட்டான் என்று. அடுத்து நிலத்தில் துளை போட்டு வெவ்வேறு ஆழத்தில் மண் எடுப்பார்கள், கிணற்று நீர் எடுப்பார்கள், சோதனைச்சாலைக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு துளையும் பணம். அதனால் பத்துத் துளை போட வேண்டிய இடத்தில் மூன்று போடுவான். எங்கே போடுகிறான் என்பதை அவனே முடிவு செய்கிறான். ஆலையின் முன்வாசலில் போட்டால் ஒரு முடிவு, பின்பக்கம் ஓடை இறங்குகிற இடத்தில், அதாவது நம்ம ஆட்கள் குடியிருக்கிற பக்கத்தில் போட்டால் வேறு முடிவு.

மூன்றாவதாகத்தான் முக்கியமான கட்டம் வருகிறது. ஆபத்தைக் கணிப்பது. அதற்கு மூன்று வேண்டும் என்பார்கள். விஷம் வேண்டும், விஷம் நகர்கிற வழி வேண்டும், அந்த வழியின் முடிவில் ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் ஆபத்து இல்லை. கேட்டீர்களா? ஆள் இல்லையென்றால் ஆபத்தே இல்லை! அப்படியானால் யாரை ஆள் என்று எண்ணுகிறான்? பட்டா இருக்கிறவனை எண்ணுவான். வீட்டு வரி ரசீது உள்ளவனை எண்ணுவான். புறம்போக்கில் குடிசை போட்டவனை, ஓடைக்கரையில் இருக்கிறவனை, தொழிற்சாலைக்குள்ளேயே படுத்துத் தூங்குகிற வெளிமாநிலக் கூலியை எந்தப் பதிவேட்டில் தேடுவான்?

அதோடு அந்த ஆள் எப்படி வாழ்கிறான் என்றும் ஒரு கணக்கு உண்டு. எவ்வளவு தண்ணீர் குடிப்பான், எவ்வளவு தூசி மூக்கில் ஏறும், எத்தனை மணி நேரம் அங்கே இருப்பான் என்றெல்லாம் அட்டவணை வைத்திருக்கிறார்கள். அந்த அட்டவணை மனிதன் செருப்புப் போட்டிருப்பான். குழாய்த் தண்ணி குடிப்பான். நம்ம பிள்ளை வெறுங்காலோடு அந்த மண்ணில்தான் பம்பரம் விடும். நம்ம ஆடு அங்கேதான் மேயும். அந்த வரப்புக் கீரையைத்தான் நாம் பறிப்போம், அந்தக் குளத்து மீனைத்தான் பிடிப்போம். அட்டவணைக்குள் சேரிக்காரன் உடம்பு இல்லை. அவனை உள்ளே கொண்டுவராத ஆய்வு எத்தனை கோடி செலவில் நடந்தாலும் அது மேல்தெரு ஆய்வுதான்.

இது வெறும் தத்துவமா? இல்லை. ராணிப்பேட்டைக்குப் போவோம்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970களின் நடுவில் தொடங்கியது. குரோமியத் தாதுவைச் சோடாவோடும் சுண்ணாம்போடும் சேர்த்து வறுத்து, சோடியம் பைக்ரோமேட் எடுக்கிற ஆலை. அதிலிருந்துதான் தோல் பதனிடும் குரோம் உப்பு வரும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளுக்கு வேண்டிய சரக்கு. அந்த ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியில் இறங்கினவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்லணுமா? தலித்துகளும் ஏழை இஸ்லாமியரும்தான்.

வறுத்து எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கையில் ஆறு இணைதிறன் குரோமியம் தங்கியிருக்கும். தோலில் பட்டால் ஆறாத புண் வரும், நாளாக நாளாக மூக்கின் நடுத்தண்டு ஓட்டையாகும், நுரையீரலில் புற்றுநோய் வரும். தண்ணீரில் சுலபமாகக் கரையும். 1995 வாக்கில் ஆலை மூடியபோது இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் இந்தச் சக்கை திறந்தவெளியில் மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஓடும். கீழே நிலத்தடி நீர், அதற்கப்பால் பாலாறு. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகத்தின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையைச் சேர்த்தது.

ஆய்வு நடக்கலையா? நடந்தது. ஐதராபாத்திலிருந்து தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. கிருமிகளைக் கொண்டு குரோமியத்தை அடக்க முடியுமா என்று ஆராய்ந்தது. திட்ட அறிக்கைகள் எழுதப்பட்டன. விஞ்ஞானிகளை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். ஆலை மூடிக் கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் குவியல் அங்கேயே கிடந்தது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. அறிக்கை எழுதப் பணம் கிடைத்தது, அள்ளப் பணம் கிடைக்கவில்லை.

பணமே இல்லையா? 2010-ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தூய ஆற்றல் வரி போட்டார்கள். 2016-ல் அது 400 ரூபாய் ஆனது. அந்த நிதியிலிருந்துதான் ராணிப்பேட்டை உள்ளிட்ட மாசுபட்ட இடங்களை ஆய்ந்து திட்டம் தயாரிக்கும் பணிக்கு ஒதுக்கீடு வந்தது. ஆனால் மொத்தக் கணக்கைப் பாருங்கள். 2010 முதல் 2018 வரை வசூலானது சுமார் 86 ஆயிரம் கோடி. நிதியத்துக்குப் போய்ச் சேர்ந்தது 30 ஆயிரம் கோடிக்கும் குறைவு. திட்டங்களுக்குக் கிடைத்தது 16 ஆயிரம் கோடிக்கும் குறைவு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரியே மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் வரியாக மாறிப்போனது. நாம் எரித்த நிலக்கரி மின்சாரத்தில் அந்தக் காசு ஏறியிருந்தது. குடிசையில் எரிகிற ஒற்றை பல்பும் அதற்குக் காசு கொடுத்திருக்கு. ஆகவே பொதுப்பணம் என்று சொல்லும்போது யாரோ போடுகிற பிச்சை மாதிரி நாம் கூச வேண்டியதில்லை.

அதே ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி கடைசியில் நடந்ததையும் மறக்கக் கூடாது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சகதித் தொட்டியின் சுவர் ராத்திரியில் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் படுத்திருந்த பத்துத் தொழிலாளிகள் அந்த நச்சுச் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள். வரைபடத்தில் அது தொழிற்பேட்டை. குடியிருப்பு இல்லாத பகுதி. ஏட்டில் ஆள் இல்லாத இடத்தில் பத்துப் பிணம் எப்படி வந்தது? ஆளை எண்ணுகிற கணக்கு எப்படிப் பொய்யாகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்ப பணத்தை யார் கொடுக்கணும் என்ற கேள்வி. கெடுத்தவனே கொடுக்கணும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிலைநிறுத்திய தீர்ப்புகளில் முக்கியமானது நம்ம வேலூர் வழக்குதான். தோல் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. அதன்படி அமைந்த ஆணையம் 2001-ல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குப் பத்தாயிரம்கூட இல்லை. இழப்பைக் கெட்டுப்போன வயலை வைத்துக் கணக்கிட்டால், வயலே இல்லாமல் அந்த வயலில் நடவு நட்டவளுக்கு என்ன இழப்பு? கூலி போனதை எந்த ஏக்கரில் எழுதுவான்? அதே பாலாற்று விவகாரம் திரும்பவும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு வந்தது. முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்த குழந்தைக்கு அப்ப 28 வயசு.

கெடுத்தவனுக்குப் பெயரும் முகவரியும் இருந்தால் கொஞ்சமாவது நடக்கும். கொடைக்கானலைப் பாருங்கள். அமெரிக்காவில் வாட்டர்டவுன் நகரத்தில் இருந்த பழைய தெர்மாமீட்டர் ஆலையை 1980களில் கொடைக்கானலுக்குப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டின உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை மக்கள் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடியது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வர 2016 மார்ச் ஆனது. மண்ணைச் சுத்தம் செய்யும்போதும் ஒரு சண்டை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்று அளவு வைத்தார்கள். மலையுச்சியில், கீழே சோலைக்காடும் ஓடையும் இருக்கிற இடத்தில் அது அதிகம் என்று போராடினவர்கள் வாதாடினார்கள். எவ்வளவு சுத்தம் போதும் என்பதை மண் சொல்லாது. பேரம் பேசுகிற பலம்தான் சொல்லும்.

பெயர் இருந்தும் கம்பெனி கைகழுவினால்? போபால். 1984 டிசம்பர் 2 இரவு நடந்தது உலகத்துக்கே தெரியும். ஆலை வளாகத்தில் மூட்டை கட்டி வைத்திருந்த 337 டன் கழிவை 2025 ஜனவரியில்தான் பீதம்பூருக்கு எடுத்துப் போனார்கள், அதன் பிறகு எரித்தார்கள். 40 வருஷம். செலவு 126 கோடி, மத்திய அரசு கொடுத்தது. கம்பெனியின் பாவத்தை நம்ம வரிப்பணம் கழுவியது. கழுவினதும் மூட்டையில் இருந்ததைத்தான். மண்ணுக்குள் இறங்கினது அங்கேயே கிடக்கு. எங்கிருந்தோ எடுத்த விஷத்தை எங்கள் ஊரில் ஏன் எரிக்கிறாய் என்று பீதம்பூர் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் லவ் கால்வாய் என்ற இடத்தில் ரசாயனக் குழியின் மேல் பள்ளிக்கூடமும் வீடுகளும் கட்டி, 1978-ல் மக்களை வெளியேற்ற வேண்டி வந்தது. அதன் பிறகு 1980-ல் ஒரு பெருநிதிச் சட்டம் போட்டார்கள். எண்ணெய், ரசாயனக் கம்பெனிகளிடம் தனி வரி வாங்கி அந்தக் காசில் ஆளில்லாத இடங்களைச் சுத்தம் செய்வது. 1995-ல் அந்த வரி காலாவதியாக விடப்பட்டது, பாரம் பொதுமக்கள் தலையில் ஏறியது. 2021-ல்தான் ரசாயனக் கம்பெனிகள் மேல் அந்த வரிக்குத் திரும்ப உயிர் கொடுத்தார்கள். 2002-ல் இன்னொரு சட்டம் வந்தது. கைவிட்ட ஆலை நிலத்தைச் சோதிப்பதற்கென்றே நகராட்சிகளுக்கும் உள்ளூர் அமைப்புகளுக்கும் மானியம் கொடுக்கிற சட்டம். சோதிக்கிற பணம் உள்ளூர் கைக்கு வருகிறது என்பது அதில் உள்ள நல்ல அம்சம். சுத்தமானதும் நிலத்தின் விலை ஏறும், வாடகை ஏறும், அத்தனை காலம் நாற்றத்தில் கிடந்த ஏழை மூட்டையைக் கட்ட வேண்டி வரும் என்பது அதில் உள்ள கெட்ட அம்சம்.

அங்கேயும் ஒரு சேரி உண்டு. 1982-ல் வட கரோலினாவில் வாரன் மாவட்டத்தில், கறுப்பின மக்கள் அதிகமாக வாழ்கிற இடத்தில், நச்சு எண்ணெய் கலந்த மண்ணைக் கொண்டுவந்து புதைக்க அரசே முடிவு செய்தது. மக்கள் லாரிகளுக்கு முன்னால் சாலையில் படுத்தார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் கைதானார்கள். புதைப்பதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் நச்சுக்கும் நிறத்துக்கும் உறவு உண்டு என்ற கேள்வி நாடு முழுக்கப் பரவியது. 1987-ல் ஒரு திருச்சபை அமைப்பு நாடளாவிய கணக்கெடுத்து, நச்சுக் கிடங்கு எங்கே அமைகிறது என்பதைத் தீர்மானிப்பதில் இனமே முதல் காரணம் என்று காட்டியது. கடைசியில் 2003-ல் அரசுப் பணத்தில் அந்த மண் சுத்தம் செய்யப்பட்டது. நாம் கற்க வேண்டியது இது. அவர்கள் நிறத்தை வைத்துக் கணக்கெடுத்தார்கள். இங்கே மாசு வாரியத்தின் எந்தப் படிவத்திலாவது அருகில் வசிப்போரின் சாதி என்று ஒரு கட்டம் உண்டா? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சாதியைக் கேட்கிற அரசாங்கம், விஷம் யார் வீட்டு வாசலில் கிடக்குது என்று எழுதும்போது மட்டும் சாதியை மறந்துவிடுகிறது.

சரி, நம்ம மாவட்டத்துக்கு வருவோம். நம்மகிட்ட பெரிய ரசாயன ஆலை இல்லையே என்பீர்கள். எங்கம்மா மேற்கே ஒரு அண்டியாபீசில் அண்டி தல்லினவ. தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு உள்ளங்கை கருத்து வெந்துபோய்க் கிடக்கும், சோறு பிசைய முடியாது. அந்த ஆபீசு மூடிப் பல வருஷமாச்சு. வறுத்த தோட்டுக் கரியும் எண்ணெய்க் கசடும் கொட்டின பின்பக்கத்தில் இப்ப ஆள் குடியிருக்கு, கிணறு இருக்கு. ஒரு அதிகாரியும் ஒரு குப்பி தண்ணி எடுத்துப் போனதில்லை. எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இல்லை என்று தெரிந்துகொள்ளவும் நமக்கு உரிமை உண்டு.

பெரிய விஷயம் கடற்கரையில் இருக்கு. 1909-ல் ஜெர்மானியர் ஷோம்பர்க் நம்ம மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு அதிலிருக்கிற தோரியம் காஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது. 1965 முதல் அது இந்திய அருமணல் நிறுவனத்தின் கையில், அதாவது அணுசக்தித் துறையின் கையில் இருக்கிறது. இப்போது கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம் போட்டார்கள். 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் மக்கள் எதிர்ப்பால் தள்ளிப்போனது.

இனி 2025-ன் விதிகளை எடுத்து விலக்குப் பகுதியைப் படியுங்கள். கதிரியக்கக் கழிவு இந்த விதிகளில் வராது. சுரங்க வேலையால் வந்த மாசு வராது. கடலில் எண்ணெய் சிந்தினால் வராது. குப்பைக் கிடங்கின் திடக்கழிவு வராது. இவற்றோடு வேறு நச்சு கலந்து குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டும் வரும். நம்ம கடற்கரைக்கு எது பொருந்துமோ அதெல்லாம் கழித்துக்கட்டப்பட்டிருக்கு. தனிச் சட்டம் இருக்கு, அதில் பார்த்துக்கொள்வோம் என்பது பதில். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அணுசக்தி ஆணையத்துக்குக் கட்டுப்பட்டதாகவே அமைக்கப்பட்டது, ஆணையத்தின் தலைவர் அணுசக்தித் துறையின் செயலாளர், மணல் எடுக்கிற கம்பெனி அதே துறையில். அளக்கிறவனும் அளக்கப்படுகிறவனும் ஒரே வீட்டுச் சோறு தின்றால் அளவு எப்படி இருக்கும்? கடற்கரையில் போராடுகிற மீனவ மக்களோடு நாம் நிற்க வேண்டியது இந்தக் கேள்வியில்தான். மணல் எடுத்து முடித்து நிலத்தைத் திருப்பித் தரும் நாளில் அதை அளக்க, அந்தத் துறைக்கு வெளியே ஒரு ஆள் வேணும். அதற்கான பணத்தை மணல் எடுக்கும் முன்பே கட்டிவைக்கணும்.

அளப்பதை வைத்து நம்மையே மாட்டிவிடுவார்கள் என்ற பயம் சில தோழர்களுக்கு இருக்கு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்தார்கள். அந்தத் தண்ணியைக் குடித்தவர்களிடமும் மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகையில் குற்றவாளிகளாகக் காட்டப்பட்ட மூன்று பேரும் அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். மாதிரி எடுப்பது யார், யாரிடம், யார் முன்னால் என்பதெல்லாம் சாதாரணக் கேள்வி இல்லை. அதனால்தான் சோதனையை அவர்கள் கையில் முழுசாக விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

நாம் கேட்க வேண்டியவை நாலு.

ஒன்று, சோதனை நம்ம தெருவிலிருந்து தொடங்கணும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்தது, நல்லது. பெயரை நீக்கினால் போதாது, மண்ணில் இருப்பதையும் நீக்கணும். துளை போடுகிற இடத்தைக் கிராம சபை சொல்லணும். மாதிரி ஊர் முன்னால் எடுக்கணும், அதில் ஒரு பங்கை முத்திரை வைத்து ஊரிடம் கொடுக்கணும். அறிக்கை தமிழில் வரணும்.

இரண்டு, மண்ணை அளக்கிற பணத்தில் உடம்பையும் அளக்கணும். பழைய தொழிலாளிகள், பட்டா இல்லாதவர்கள், வெளிமாநிலக் கூலிகள் எல்லோரையும் எண்ணணும். கணக்கில் ஆள் என்று வராதவனுக்கு இழப்பீடும் வராது.

மூன்று, சுத்தம் செய்கிற வேலை. விஷ மண்ணை வாருகிறவன் யாராக இருப்பான்? சாக்கடைக்குள் இன்றைக்கும் யாரை இறக்குகிறார்களோ அவனாகத்தான் இருப்பான். உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2023-ல் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. செத்தபின் உயர்த்துகிற தொகை நமக்கு எதற்கு? இயந்திரம், முழுப் பாதுகாப்பு உடை, நிரந்தர வேலை, வருஷா வருஷம் மருத்துவச் சோதனை இத்தனையும் திட்ட மதிப்பீட்டிலேயே இருக்கணும்.

நாலு, சுத்தமான நிலம் யாருக்கு? இது எல்லாவற்றையும்விடப் பெரிசு. 1892-ல் பஞ்சமர்களுக்கென்று வெள்ளையன் ஒதுக்கிய நிலம் தரிசாகக் கிடந்தவரை நம்மிடம் இருந்தது. தரம் உயர உயரக் கை மாறியது. அதை மீட்கப் போய்த்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் குண்டுக்குப் பலியானார்கள். இதே கதை இங்கேயும் நடக்கும். பொதுப்பணத்தில் சோதித்து, பொதுப்பணத்தில் கழுவி, மறுசீரமைப்பு என்ற பெயரில் அடுக்குமாடிக்காரனுக்கோ இன்னொரு கம்பெனிக்கோ கொடுப்பார்கள். அந்த நாற்றத்தில் முப்பது வருஷம் குடியிருந்தவனை ஆக்கிரமிப்பாளன் என்று நோட்டீஸ் ஒட்டி விரட்டுவார்கள். பொதுப்பணம் போன நிலத்தில் முதல் உரிமை அதன் விஷத்தைச் சுமந்தவனுக்கு என்று இப்பவே எழுதி வாங்கணும். பணம் ஒதுக்கிய பிறகு கேட்டால் கிடைக்காது.

கடைசியாக வேலை. விதிப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் பட்டியலுக்குப் பொதுமக்களும் புகார் கொடுக்கலாம். மாணவர்கள் ரெண்டு ரெண்டு பேராகக் கிளம்புங்கள். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டாறு என்று ஆறு வட்டத்திலும் மூடிப்போன ஆபீசு, பட்டறை, சூளை, கிடங்கு எல்லாவற்றையும் எழுதுங்கள். என்ன வேலை நடந்தது, எப்ப மூடியது, கழிவு எங்கே போச்சு, பக்கத்தில் எத்தனை வீடு, யார் வீடு, எந்தக் கிணறு என்று கேளுங்கள். வயசான தொழிலாளிகள் இருக்கும்போதே கேட்டு எழுதணும், அவர்கள் போய்விட்டால் எந்த ஆவணக் காப்பகத்திலும் அது கிடைக்காது. எழுதினதைக் கலெக்டர் ஆபீசில் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்கள். அன்றையிலிருந்து 90 நாளை எண்ணுவோம். 91-ஆம் நாள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வாசலில் சந்திப்போம்.

ஜெய்பீம்.